பனி கருக்கிய பன்னிரண்டு மரங்களும் பேச்சியக்காவும்

கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் காலை டீக்குப் பத்து நிமிடம் விடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் செய்தி வந்தது. எங்கள் செடி வளர்ப்புக் குழுவில் யாரோ ஒரு போஸ்டரைப் போட்டிருந்தார்கள். மேலே ரோஜாப்பூ, கீழே எரியும் மெழுகுவர்த்தி, நடுவில் பேச்சியக்காவின் அடையாள அட்டைப் படம். "எங்கள் தோட்டத்தின் தாய் பேச்சியம்மாள் மறைந்தார். கண்ணீருடன், ரிசார்ட் குடும்பம்" என்று எழுதியிருந்தது.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். தோட்டத்தின் தாயாம்! அந்தத் தாயை ஐந்து வாரத்துக்கு முன்புதான் தோட்டத்தை விட்டுத் தூக்கி, விருந்தாளிகளின் படுக்கை விரிப்பு துவைக்கிற இடத்தில் போட்டிருந்தார்கள். "குடும்பம்" என்ற அந்த ஒரு சொல்லுக்கு அக்கா என்ன பதில் சொல்லியிருப்பார் என்பது குழுவில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அதை இங்கே எழுத முடியாது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேச்சியம்மாளுக்கு வயது நாற்பத்து மூன்று. பீர்மேட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். தோட்டம் மூடிப்போனதும் தங்கை ராசாத்தியோடு மூணாறுக்கு மேலே ஒரு ரிசார்ட்டில் தோட்ட வேலைக்குச் சேர்ந்து, மேற்பார்வையாளர் வரை வந்தவர். மார்ச் மாதத்தில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும்போது குவாட்டர்ஸ் வாசலில் சாய்ந்தார். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். எங்களுக்கு அவர் ஒரு குரல். குழுவில் எழுத மாட்டார். எழுத நேரமில்லை என்பார். வாய்ஸ் மெசேஜ்தான். ஒவ்வொன்றும் கன்னத்தில் ஒரு அறை.

எனக்கு விழுந்த முதல் அறை இது. நான் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்காரன். எங்கள் ஊரில் மார்கழியிலேயே மத்தியானம் மின்விசிறி ஓடும். அப்படிப்பட்ட நான், வெளிநாட்டு வீடியோ நாலைந்தைப் பார்த்துவிட்டு, "உறைபனியில் கருகிய மரங்களைக் காப்பாற்ற ஐந்து வழிகள்" என்று ஒரு வீடியோ செய்து குழுவில் போட்டேன். கருகிய கிளையை உடனே வெட்டு, உரம் வை, ஊக்க மருந்து தெளி. அரைமணி நேரத்தில் பதில் வந்தது.

"எலே எலப்புள்ளி, நீ பனியப் பாத்திருக்கியா? ஃபிரிட்ஜத் தொறந்து பாத்திருப்ப. செத்துக் கெடக்கவனுக்கு எவனாவது பிரியாணி ஊட்டுவானால? மொதல்ல அவன் எந்திரிக்கட்டும். பெறகு போடு சோறு."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பிறகு அதை இருபது தடவையாவது கேட்டேன். நண்பர்களுக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து நான் அவருடைய ரசிகன். அவர் பேசிய எல்லாவற்றையும் ஒரு கோப்பில் தனியாகச் சேமித்து வைத்தேன். என் புத்தியில் இருக்கிற தோட்டக்கலை முழுவதும் திட்டு வாங்கிச் சேர்த்தது.

ஆனால் அவர் இந்த விஷயத்தில் இவ்வளவு முரட்டுத்தனமாகப் பேசியதற்குக் காரணம் இருந்தது. அதை அவரே ஒருமுறை சொன்னார். அவருடைய அப்பா கவாத்து வெட்டுகிறவர். தேயிலையில் கவாத்து என்றால் செடியை இடுப்புக்குக் கீழே மொட்டையாக அடிப்பார்கள். பார்க்கவே பாவமாக இருக்கும். அதே செடி சில மாதத்தில் கொழுந்தாகப் பொங்கும். லயத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இது ரத்தத்தில் இருக்கும்: கெட்டுப்போனதா, வெட்டு, வரும். ரிசார்ட்டில் சேர்ந்த முதல் வருடம் ஜனவரிப் பனியில் பதினொரு மந்தாரை மரங்கள் கருகின. பேச்சியக்கா யாரையும் கேட்கவில்லை. அப்பாவின் மகளாகக் கத்தியை எடுத்து அத்தனைக்கும் கவாத்து அடித்துவிட்டார்.

"ரெண்டு வாரம் நல்ல வெயில். அடிச்ச மரம் பூராம் தளதளன்னு துளுத்துச்சு. நான் என்னமோ பெரிய இவ மாதிரி எல்லாரையும் கூட்டிட்டு வந்து காட்டுனேன். பெப்ரவரியில இன்னொரு பனி விழுந்துச்சு பாரு. அவ்வளவு பிஞ்சும் வெந்து தொங்குச்சு. மரத்துக்கிட்ட இருந்த சத்தப் பூராம் அந்தத் துளுருக்குக் குடுத்துருச்சுல்ல, மறுபடி எந்திரிக்கத் தெம்பில்ல. பதினொண்ணும் போச்சு. பனி கொல்லல. நான் கொன்னேன்."

கருகின இலை அசிங்கமாகத் தொங்கினாலும் அடுத்த பனிக்கு அதுதான் போர்வை, மரம் எதுவரை செத்தது என்று மரம்தான் சொல்ல வேண்டும், நாம் அல்ல என்பார். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, போய் வேறு வேலையைப் பார் என்பார். மந்தாரை நின்ற இடத்தில் பன்னிரண்டு ஜகரந்தாக் கன்றுகளை அவரே நட்டார். ரிசார்ட் வாசலிலிருந்து கீழே குளம் வரை இரண்டு பக்கமும் வரிசையாக. கோடையில் இலையே தெரியாமல் ஊதாவாகப் பூக்கும். ரிசார்ட்டின் விளம்பரப் படம் எதை எடுத்தாலும் அதில் அந்த மரங்கள் இருக்கும். நட்டவர் பெயர் எதிலும் இருக்காது.

இந்த ஜனவரியில் விழுந்தது சாதாரணப் பனி இல்லை. புல்வெளி உப்புக் கொட்டிய மாதிரி வெளுத்திருந்தது. சூரியன் படுவதற்கு முன்னால் ஹோஸ் பைப்பை எடுத்துக்கொண்டு அக்காவும் ராசாத்தியும் இலைமேல் உறைந்த பனியைக் கரைக்க மரம் மரமாகத் தண்ணீர் அடித்தார்கள். குழாயிலேயே பனி கட்டி நின்றதால் பாதி மரங்களுக்குத்தான் அடிக்க முடிந்தது. மூன்றாம் நாள் பன்னிரண்டும் கறுத்துவிட்டன.

மலையாளியான மேனேஜர் கவாத்து ஆட்களை வரச் சொன்னார். அன்று நடந்ததை அக்கா இரண்டு குரலில் நடித்து எனக்கு அனுப்பினார்.

"'பேச்சி, ஏப்ரலில கல்யாணம் உண்டு. கெஸ்ட் வந்து ஃபோட்டோ எடுக்கும். இந்தக் கரிக்கட்டைய வச்சு ஞான் எந்து செய்யும்?'ங்காரு. 'சார், உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுத்துட்டா உங்களையும் வெட்டிப் போட்ருவோமா?'ன்னேன். 'மரம் வேற, மனுஷ்யன் வேற'ங்காரு. 'ஆமா சார், மரம் லீவு கேக்காது'ன்னேன். பெறகு சொல்லிட்டேன்ல. சித்திரை ஒண்ணு வரைக்கும் விடுங்க. பன்னெண்டும் துளுக்கும். துளுக்கலேன்னா நானே வெட்டிட்டு, குவாட்டர்ஸக் காலி பண்ணிட்டு நானும் என் தங்கச்சியும் எறங்கிப் போயிருதோம்னு. 'பாக்கலாம்'னுட்டுப் போயிட்டாரு."

வேலையையும் வீட்டையும் பன்னிரண்டு மொட்டை மரங்கள் மேல் வைத்துவிட்டார். குழுவில் அறிவாளிகள் கிளம்பினார்கள். ஜகரந்தா குளிர் தாங்காது, இவ்வளவு கருகினால் பிழைக்காது, எதற்கு இந்த வீம்பு என்று ஒருவர் கட்டுரையே எழுதினார். மாடித் தொட்டியில் புதினா வளர்க்கிறவர். நான் அவரோடு இரண்டு நாள் சண்டை போட்டேன்.

சண்டையோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் அந்த வாய்ஸ் மெசேஜை வெட்டி, "மரம் லீவு கேக்காது" வரும் இடத்தில் சிரிப்புச் சத்தம் சேர்த்து, அக்கா அனுப்பிய தோட்டத்துப் படத்தைப் பின்னால் ஓடவிட்டு ஒரு ரீல் போட்டேன். அந்தப் படத்தின் மூலையில் ரிசார்ட் பெயர்ப் பலகை இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஊரெல்லாம் பார்த்தது. மேனேஜரும் பார்த்தார். மறுநாள் பேச்சியக்கா துணி துவைக்கும் இடத்தில் இருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு நேரடியாகப் போன் செய்தார்.

"எலே எலப்புள்ளி, உனக்கு லைக்கு வேணும்னா உங்க மேனேஜரத் திட்டுல. எம் மேனேஜரத் திட்டதுக்கு நான் இருக்கேன்ல?"

"தெரியாமப் பண்ணிட்டனுங்க்கா. மன்னிச்சுருங்க்கா."

"மன்னிக்கல. மொதல்ல அத எடு."

"எடுத்துட்டனுங்க்கா."

"இனி எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன? மரத்துப் பக்கம் போகக் கூடாதுன்னுட்டாங்க. எவனாவது நைசா வந்து வெட்டிட்டா யாருல பாக்கது? வை போன."

என் எண்ணை முடக்கிவிட்டார். மூன்று வாரம். பிறகு ஒரு படம் மட்டும் வந்தது. ஒரு கிளை, அதில் நகக்கீறல், கீறலுக்குள் கடுகளவு பச்சை. சாப்பாட்டு நேரத்தில் துணிக் கொடிகளுக்குப் பின்னால் சுற்றிப் போய்ப் பார்த்திருக்கிறார். நான் இரண்டு கை கூப்பும் படத்தை அனுப்பினேன். "கும்பிடாத. பாத்துக்க" என்று பதில் வந்தது. அதுதான் கடைசி. மன்னித்தார் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். அவர் சொல்லவில்லை.

இறந்த செய்தி வந்த மறுநாள் லீவு போட்டு, பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று மூன்று பஸ் மாறி மேலே போய்ச் சேர்ந்தேன். அடக்கம் முந்தின நாளே முடிந்திருந்தது. ஆனால் தோட்டத்தில் அன்று மத்தியானம் ஒரு கூட்டம். மேனேஜர் ஏற்பாடு. வேலைக்காரர்களை வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள். கேமராக்காரர் ஒருவர். புதிதாகத் தோண்டிய குழி, பக்கத்தில் பிளாஸ்டிக் தொட்டியில் எங்கிருந்தோ வாங்கி வந்த மஞ்சள் சைப்ரஸ் கன்று. பேச்சியம்மாள் நினைவாக இதை ராசாத்தி கையால் நட வேண்டும் என்றார் மேனேஜர். பேச்சியம்மாளுக்கு மரங்கள் என்றால் உயிர் என்றார். திங்கட்கிழமை இந்தச் செத்த மரங்களை எடுத்துவிட்டு, இதே சைப்ரஸை வரிசையாக வைத்து, அதற்கு அவர் பெயரையே வைக்கப்போவதாகவும் சொன்னார்.

செத்த இரண்டாம் நாள், அவர் பெயரை வைத்தே அவருடைய மரங்களை வெட்டப் பார்க்கிறார்கள். வாயைத் திறந்தால் திரும்பவும் எதையாவது கெடுத்துவிடுவேன் என்று வரிசைக்குப் பின்னால் போய் நின்றேன்.

ராசாத்தி கன்றைத் தொடவில்லை. அக்காவை விடப் பத்து வயது இளையவர். அதுவரை அவர் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லையாம்.

"சார், பதினாறாம் நாள் காரியம் முடியிற வரைக்கும் புதுசா எதையும் ஊனக் கூடாது. செத்தவ வச்ச மரத்துல கத்தியும் வைக்கக் கூடாது. எங்க சனத்துல வழக்கம்."

"அப்படி ஒரு வழக்கமோ?" என்றார் மேனேஜர். "ஞான் கேட்டிட்டே இல்லல்லோ."

"நீங்க எங்க வீட்டுச் சாவு துட்டிக்கு எப்ப வந்திருக்கீக, கேக்கதுக்கு?"

வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வயதான அம்மா, "ஆமா சார், கத்தி வச்சா வெட்டுனவன் கை வெளங்காது" என்றார். இன்னொருவர், "போன தடவ ஒருத்தனுக்கு வெளங்கலையே" என்று எடுத்துக்கொடுத்தார். வரிசைக் கடைசியில் நின்ற கவாத்து ஆட்கள் இரண்டு பேரும் கத்தியை மெதுவாகக் காலுக்குப் பின்னால் மறைத்தார்கள். மேனேஜருக்குச் சந்தேகம் தீரவில்லை. வெளியூர் முகமாகத் தெரிந்த என்னைப் பார்த்தார்.

"நிங்கள் எவிடெ நின்னா?"

"பாலக்காட்டுப் பக்கமுங்க. எலப்புள்ளி."

"அவிடத்தெ தமிழர்க்கு உண்டோ இந்த ஆச்சாரம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"இருக்குதுங்க சார். ரொம்பக் கட்டாயமுங்க. எங்கூர்ல வேலியே வெட்ட மாட்டாங்க."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கேமராக்காரரைப் பார்த்தார். "சரி, பதினாறு. அது கழிஞ்ஞா வெட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சைப்ரஸ் தொட்டியை யாரும் எடுக்கவில்லை. குவாட்டர்ஸுக்குத் திரும்பும் வழியில் ராசாத்தியிடம் மெதுவாகக் கேட்டேன், நிஜமாகவே அப்படி வழக்கம் இருக்கிறதா என்று.

"எவ கண்டா? வாயில வந்துச்சு, சொன்னேன். ஆமா, நீங்கதானே அந்த ரீல்காரரு?"

"ஆமாங்க."

"எங்கக்கா உங்களத் திட்டாத நாளு கெடையாது. சாப்பிட்டுட்டுப் போங்க."

பதினாறாம் நாள் வரை நான் கம்பெனியில் இருந்தேனே தவிர, வேலையில் இல்லை. தினமும் ராசாத்திக்குக் கேள்வி. தினமும் அவரிடமிருந்து ஒரே பதில், "ஒண்ணுமில்ல." ஒன்பதாம் நாள் மலையில் கோடை மழை நன்றாகப் பெய்தது. பதினோராம் நாளும் "ஒண்ணுமில்ல." பதின்மூன்றாம் நாள் அவர் பதிலே போடவில்லை. நான் கேட்கவும் பயந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். படையல் முடிந்து, சாப்பாடு முடிந்து, தோட்ட வேலைப் பெண்கள் எல்லாரும் மரங்களைப் பார்க்கக் கிளம்பினார்கள். மேனேஜர் சொன்ன சொல்லுக்குத் தவறாமல் கவாத்து ஆட்களோடு வாசலில் நின்றார். நாங்கள் மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வந்தோம். முதல் மரத்தில் நுனியெல்லாம் கரி. நடுக்கிளையில், கணுவுக்குக் கணு, விரல் நகம் அளவுக்குத் துளிர். இரண்டாவதில் இருந்தது. மூன்றாவதில் இருந்தது. ஒன்பது வரை இருந்தது. பத்தாவது மரம் மேலே முழுக்கச் செத்து, அடித்தூரில் மட்டும் ஒரு கொத்துப் பச்சை. குளத்தை ஒட்டிய கடைசி இரண்டில் எதுவுமே இல்லை. குளிர்காற்று தண்ணீரைப் போலப் பள்ளத்துக்கு ஓடி அங்கே தேங்கும். அவை அதில் நின்றிருக்கின்றன. ராசாத்தி நகத்தால் மேலே சுரண்டினார், நடுவில் சுரண்டினார், மண்ணோடு குனிந்து வேர்ப்பக்கம் சுரண்டினார். எங்கேயும் பழுப்பு.

"பன்னெண்டும் வரும்னா எங்கக்கா. ரெண்டுல தோத்துட்டா" என்று சொல்லி ராசாத்தி சிரித்தார். அந்தப் பதினாறு நாளில் அவர் அழுததை யாரும் பார்த்ததில்லையாம். அப்போது எல்லாரும் பார்த்தோம்.

இதை நான் மறைக்கப் போவதில்லை. குழுவில் புதினாக்காரர் இந்த இரண்டைப் பிடித்துக்கொண்டு ஆடுவார், ஆடட்டும். உறைபனியில் கருகிய மரம் பிழைக்குமா என்று கேட்கிறவர்களுக்கு இனி என்னிடம் ஐந்து வழிகள் கிடையாது. சிலது பிழைக்கும், சிலது பிழைக்காது. எது எது என்று ஜனவரியில் எவனுக்கும் தெரியாது. தெரியும் என்று கத்தியோடு வருகிறவன் எல்லா மரத்தையும் கொன்றுவிடுவான், பிழைக்க இருந்ததையும் சேர்த்து. பேச்சியக்காவின் வித்தை முழுவதும் அவ்வளவுதான், அதற்குத்தான் அவரைத் துணி துவைக்க அனுப்பினார்கள்.

மேனேஜர் துளிர்களைப் பார்த்தார். மன்னிப்பு கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன் என்றால் நான் சின்னப் பையன்தான். "பூ இல்லல்லோ இந்த வருஷம்" என்றார்.

"பூவு அடுத்த வருசம் வரும் சார்" என்றார் ராசாத்தி. "இந்த ரெண்ட மட்டும் வெட்டிக்கிடுங்க. மத்ததுல கை வச்சீகன்னா நாங்க ஏழு பேரும் இன்னைக்கே எறங்கிருவோம். கல்யாணத்துக்குப் புல்லு நீங்களே வெட்டிக்கோங்க."

மேனேஜர் ஏழு பேரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கவாத்து ஆட்களிடம் கடைசி இரண்டை மட்டும் காட்டிவிட்டு மேலே ஏறிப் போனார்.

பத்து மரங்களை ராசாத்தியும் மற்ற ஆறு பெண்களும் எடுத்துக்கொண்டார்கள். பனி முடிந்துவிட்டது, துளிர் இடம் காட்டிவிட்டது, இப்போது வெட்டலாம். ஒவ்வொரு கிளையிலும் பச்சை தொடங்குகிற கணுவைத் தேடி, அதற்கு ஒரு விரல்கடை மேலே ரம்பத்தை வைத்தார்கள். கரிக்கொம்புகள் புல்லில் சடசடவென்று விழுந்துகொண்டே இருந்தன. என்னைப் பொறுக்கச் சொன்னார்கள். கை முழுக்கக் கறுப்பாகும் வரை பொறுக்கினேன்.

அக்கா, இதை நீங்கள் கேட்டிருந்தால், "என்னல இம்புட்டு நீட்டுத?" என்பீர்கள். நிறுத்திவிடுகிறேன். பத்து உங்களுக்கு, இரண்டு பனிக்கு. நீங்கள் நிம்மதியாகப் படுங்கள். மரங்களை ஏழு பேர் பார்த்துக்கொள்கிறார்கள்.